அடி தாங்கும் உடம்பு

சிறை ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தபோது, பிரம்படிக்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது என்றுதான் டாக்டரம்மா நினைத்திருந்தார். சளி, காய்ச்சல், சொறி சிரங்கு பார்த்தோமா, சாயங்காலம் வீடு போய்ச் சேர்ந்தோமா என்று காலம் ஓடிவிடும் என்பது அவர் போட்ட கணக்கு. பெயின்டர் வந்து அந்தக் கணக்கைக் கெடுத்தார்.

பெயின்டருக்குக் குசும்பு அதிகம். கடைவீதியில் இருந்த அமைச்சரின் படம் வெயிலில் வெளுத்துப்போனதால், முகத்தைச் சரிசெய்யச் சொல்லி அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். முகத்தைச் சரிசெய்தவர், கையோடு இரண்டு கழுதைக் காதுகளையும் வரைந்துவிட்டு இறங்கினார். காது மட்டும் அவ்வளவு அச்சு அசலாக இல்லாமலிருந்தால் அபராதத்தோடு போயிருக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கோர்ட்டில் ஆறு பிரம்படி விதித்தார்கள். வாங்கிக்கொண்டால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். வாங்காதவரை உள்ளேதான்.

சட்டத்துக்கும் ஈவிரக்கம் உண்டல்லவா? உடம்பு சரியில்லாதவனை அடிப்பது மனிதத்தன்மை ஆகாது என்று அது கருதியது. நல்ல ஆரோக்கியமாக இருப்பவனை அடிப்பதில் அதற்கு ஆட்சேபம் இல்லை. ஆள் அடி தாங்குவான் என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பிரம்பை எடுக்கலாம்.

டாக்டரம்மா பெயின்டரின் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். எகிறிக் கிடந்தது. அவருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

"இந்த நிலைமையில அடிக்க முடியாது. கொஞ்ச நாள் போகட்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர் பூரித்துப்போனார். "பேனாவை வெச்சே பிரம்பை நிறுத்திட்டியே!"

அடுத்த தடவையும் அழுத்தம் இறங்கவில்லை, அதற்கடுத்த தடவையும் இறங்கவில்லை. பிரம்பை நினைத்து ஏறுகிற அழுத்தம், பிரம்பு காத்திருக்கும்போது எப்படி இறங்கும்? இது டாக்டரம்மாவுக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டார். ஒரு உயிரைக் காப்பாற்றுகிறோம் என்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

ஒருநாள் பெயின்டர் நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டார்.

"அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். என்னை அடிச்சு விட்டுடச் சொல்லுங்க."

"என்ன பேசுறீங்க? தோல் பிஞ்சு தொங்கும், தெரியுமா?"

"தெரியாம என்னம்மா? தூங்கப் போனா அது, சாப்பிட உட்கார்ந்தா அது. நானே என்னை எத்தனை தடவை அடிச்சிட்டேன்னு எனக்கே தெரியல. உள்ளே வரும்போது பொண்டாட்டி முழுகாம இருந்தா. இப்ப பொண்ணு தவழுதாம்."

டாக்டரம்மா, "உங்க நல்லதுக்குத்தான்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவைத்தார்.

அன்று மத்தியானமே பிரம்புக்காரர் தோள்வலி என்று வந்தார். அடிக்கும் வேலை அவருடையது. அதிர்ந்து பேசாத மனிதர். வேலை இல்லாமல் தோள் பிடித்துக்கொண்டதாம். தைலம் வாங்கித் தேய்த்துக்கொண்டே, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நான் ஆறோட நிறுத்திப்பேன். நீங்கதான் நிறுத்தாம அடிச்சிட்டிருக்கீங்க" என்றார்.

டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மனுஷனை அடிச்சுச் சம்பளம் வாங்குறவர் எனக்குச் சொல்ல வந்துட்டீங்களா?"

"கோபத்துல நான் என்னிக்கும் அடிச்சதில்லம்மா. முடிஞ்சதும் நானேதான் தூக்கி உட்கார வெச்சுத் தண்ணி கொடுப்பேன்." பாராட்டு வரும் என்று எதிர்பார்ப்பவர்போல அவர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அவர்மேல் வந்த எரிச்சல் அடங்கியதும் வேறொன்று உறுத்தியது. ஒவ்வொரு முறையும் பெயின்டர், டாக்டரம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வாயிலிருந்து வருகிற சொல்லில்தான் அவருடைய பிழைப்பு. அந்தப் பார்வை தனக்குக் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது என்பதை நினைக்க டாக்டரம்மாவுக்கு உடம்பு கூசியது.

பிறகு வைத்தியத்தில் இறங்கினார். மாத்திரை, உப்புக் குறைத்த சாப்பாடு, ஆஸ்பத்திரியிலேயே காற்றோட்டமான கட்டில். அழுத்தம் சமத்தாக இறங்கியது. அடி தாங்குவார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு மனிதரைக் குணப்படுத்திவிட்டு இப்படி வெட்கப்படுவோம் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

அடிக்கும்போது டாக்டர் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆள் தாங்கமாட்டான் என்று பட்டால் கையைத் தூக்கலாம், உடனே நிறுத்திவிடுவார்கள். மிச்சத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது அடியில் ரத்தம் தெரிந்தது. டாக்டரம்மாவின் கை தானாக மேலே போனது.

மரச்சட்டத்தில் கட்டிப்போட்டிருந்த பெயின்டர் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டார். "கையை இறக்குங்கம்மா!" என்று அலறினார். "உங்க காலைத் தொட்டுக் கும்பிடுறேன், இறக்குங்க!"

பிரம்புக்காரர் ஓங்கிய கையோடு டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா கையை இறக்கி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மிச்ச மூன்றும் விழுந்தன.

பிரம்புக்காரர் சொன்னபடியே தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பெயின்டர் அவரைப் பார்த்துக் கும்பிட்டார். புண்ணுக்கு மருந்து போட்ட டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டுக்கு வெளியே குழந்தையோடு நின்றிருந்த மனைவியைப் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி அகட்டி நடந்து போனார்.

சிறை அதிகாரிக்கு வாயெல்லாம் பல். "பிரமாதம் டாக்டர்! இத்தனை வருஷத்துல யாருக்கும் இப்படித் தோணல. இனிமே அடி விழப்போறவங்களுக்கெல்லாம் வந்த அன்னிக்கே மாத்திரையை ஆரம்பிச்சிடுவோம்."

"நான் இனிமே கையெழுத்துப் போடப்போறதில்ல சார்."

"போடாதீங்க" என்றார் அவர். "அப்ப அடுத்த ஆள் உள்ளேயே இருக்கட்டுமா?"

கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

டாக்டரம்மா வெளியே வந்தார். தன் அறை வாசலில் எலும்பும் தோலுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மாவைக் கண்டதும் சட்டென்று எழுந்து, இருமலை அடக்கிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணுமே இல்லம்மா" என்றார்.