நடு நாற்காலி

கள்ளக்குறிச்சியின் உள்ளூர்ச் சேனலில் இளைஞர்களுக்காக வாரம் ஒருநாள் இரவு பத்தரைக்கு வரும் ‘தூங்காத பசங்க’ நிகழ்ச்சியில் நடு நாற்காலி பகலவனுடையது. இரண்டு வருஷமாக அதில் உட்கார்ந்து, “அன்பான நேயர்களே” என்று சுத்தத் தமிழில் பொழிந்துகொண்டிருந்தான். மூச்சுக்கு மூச்சு ஒரு ‘ஆகவே’ வேறு. பார்க்கத்தான் ஆளில்லை.

அப்புறம் வந்து சேர்ந்தாள் மணலூர்பேட்டை கோகிலவாணி. நேயர்களின் கேள்விகளை வாசிக்க மட்டும்தான் அவளை எடுத்தார்கள். கரியாலூர் அருவிக்கு வரும் காதல் ஜோடிகளை விரட்டலாமா என்று பேச்சு வந்த அன்று, அவள் கையிலிருந்த தாளை மடித்து வைத்துவிட்டு, “லவ் பண்றவங்க குளிச்சா அருவித் தண்ணி இன்னா கெட்டா பூடும்?” என்று கேட்டுவிட்டாள்.

அவ்வளவுதான். மறுநாள் அந்த ‘இன்னா’ ஓடாத செல்போன் இல்லை. பாதி ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. மீதி ஊர் சேனல் வாசலில் நின்று கத்தியது. முதலாளி ஆசீர்வாதத்துக்கு வாயெல்லாம் பல். “திட்றவன்தான்டா ஒரு வாரம்கூட உடாம பாப்பான்” என்றவர், நாற்காலிகளை மாற்றிப் போடச் சொன்னார். கோகிலவாணி நடுவில். பகலவன் ஓரத்தில், பிளாஸ்டிக் பூந்தொட்டிக்குப் பக்கத்தில்.

பகலவனுக்கு வயிறு எரிந்தது. டீக்கடைக்காரர், “கோகிலா தங்கச்சி நல்லா கீதா?” என்று விசாரித்தால் இன்னும் எரிந்தது. அவன் வீட்டிலும் இதே ‘இன்னா’ பேச்சுதான். கேமரா முன்னால் அது வந்துவிடக் கூடாதென்று பாடுபட்டு நாக்கைத் திருத்தியவன் அவன். திருத்தாதவளுக்கு நடு நாற்காலியா? இது எந்த ஊர் நியாயம்?

அடுத்த வாரம் காய்ச்சல் என்று லீவு போட்டான். நிகழ்ச்சி நேரலையில் ஓடும்போது அம்மாவின் போனை எடுத்துக் கூப்பிட்டான். கச்சிராயபாளையத்துக்காரர், வயசுப் பெண்ணைப் பெற்றவர் என்று கரகரத்த குரலில் சொல்லிக்கொண்டு, ஊரறிய அவளை அழவைப்பதுதான் திட்டம்.

“இன்னாம்மா, ஊட்ல ஒன்ன கேக்க ஆளே இல்லியா?”

“கீறாங்க. ஒங்க பொண்ணு அருவிக்குப் போவட்டுமான்னா நீங்க இன்னா சொல்வீங்க?”

“நானும் பின்னாலயே போவேன். அந்தப் பையன் துண்டு எடுத்தாந்தானான்னு பாக்க வாணா? சொந்தத் துண்டுகூட எடுத்தாராதவன் நாளைக்குக் குடும்பம் இன்னா நடத்துவான்? ஆகவே, மொதல்ல துண்டு. அப்பறந்தான் லவ்வு!”

அவள் சிரித்த சிரிப்பு போனில் வெடித்தது. கேமராக்காரர் சிரிப்பதும் கேட்டது. வீட்டு நாக்கு ஒருமுறை அவிழ்ந்ததும் பகலவனால் அதைக் கட்ட முடியவில்லை. திட்ட வந்தவன் திட்ட மறந்தே போனான்.

மறுநாள் ஸ்டுடியோவுக்குள் ஆசீர்வாதம் குதித்துக்கொண்டு வந்தார்.

“யாருய்யா அந்தத் துண்டு அப்பா? ஊரே அவரத்தான் தேடுது. கூட்டியாந்து நடு நாற்காலில குந்த வெப்போம். பகலவா, நீ கோச்சிக்காத, உனக்கு இனிமே இங்க வேல கம்மிதான்.”

தானே உண்டாக்கிய ஆளின்மேல் அவனுக்குப் பொறாமை பொங்கியது. கோகிலவாணி நடு நாற்காலியிலிருந்து அவன் பக்கம் சாய்ந்தாள்.

“சொல்லிடுங்கண்ணா” என்றாள் மெல்ல. “எந்த ஊரு அப்பன் ‘ஆகவே’ன்னு பேசுவான்? என்ன அழவெக்கத்தான கூப்ட்டீங்க? பரவால்ல, ரொம்ப நல்லாருந்துச்சி. நீங்களே நடுவுல குந்துங்க.”

மனசாரத்தான் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். இவள் கொடுத்து அவன் வாங்குவதா?

“இன்னா அங்க குசுகுசுன்னு? பகலவா, அவர ஒனக்குத் தெரியுமா?” என்றார் ஆசீர்வாதம்.

பகலவன் நிமிர்ந்து நின்றான். “எனக்குத் தெரியாது சார். நேற்று எனக்குக் கடுமையான காய்ச்சல். ஆகவே...”

“‘ஆகவே’யா?” என்ற ஆசீர்வாதத்தின் வாய் திறந்தபடி நின்றது.

கோகிலவாணி எழுந்து, பூந்தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நடு நாற்காலி காலியாக இருந்தது. அதைப் பார்க்கவே பகலவனுக்குக் கூசியது.