மத்தியானத் தூக்கத்துக்கு ஏழாவது சீட்டு

லியாவ் ஷியூ-ஜின், பெய்காங் கடைவீதியில் காலைச் சாப்பாட்டுக் கடை நடத்தினாள். ஐம்பத்தாறு வயதாகியும் பள்ளிக்கூடத்தை அவள் மன்னிக்கவில்லை. தினமும் மத்தியானம் மேசைமேல் தலையைக் கவிழ்த்து எல்லாப் பிள்ளைகளும் கட்டாயமாகத் தூங்க வேண்டும். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட அவளுக்குத் தூக்கம் வந்ததில்லை. கண்ணைத் திறந்தால் வகுப்புத் தலைவன் பேரை எழுதிக்கொள்வான். பேர் விழுந்தால் வெயிலில் நிற்க வேண்டும். இன்றைக்கும் பிள்ளைகள் அப்படியே கிடக்கிறார்கள் என்று தெரிந்ததும், "பள்ளியில் கட்டாயத் தூக்கத்தை ஒழிக்கச் சம்மதமா?" என்று நாட்டையே கேட்டுவிடத் துணிந்தாள்.

கோயில் திருவிழா, ரயில் நிலையம், கல்யாண விருந்து என்று ஒன்று விடாமல் அலைந்து, ஊர் ஊராகப் பிடித்த தாய்மார்களோடு மூன்று லட்சம் கையெழுத்துச் சேர்த்தாள். அப்புறம்தான் தேதிப் பிரச்சினை வந்தது.

"தேர்தல் கமிஷன்காரங்க ஆகஸ்டுல தனியா நடத்துறோங்கிறாங்களே, நடத்திட்டுப் போகட்டுமே அக்கா," என்றான் பக்கத்துப் பன்றிக்கறிக் கடை ஆ-சியோங்.

"ஆகஸ்டு வெயில்ல தூக்கத்துக்கு ஓட்டுப் போட எவன்டா வருவான்? நீ வருவியா?"

"நான் தூங்கிட்டுல்ல இருப்பேன்!"

"பாத்தியா? நாட்டுல இருக்கிற ஓட்டுல நாலுல ஒரு பங்காவது 'சம்மதம்'னு விழணும். ஜனவரியில அதிபர் தேர்தலோட வச்சா ஊரே திரண்டு வரும். அதிபருக்குக் குத்த வந்தவன் கையில என் சீட்டும் விழும்."

ஜனவரித் தேர்தலோடு சேர்ப்பதற்கான கெடு முடிவதற்கு ஒரு நாள் முன்னால், மீன் வண்டி ஒன்றைப் பிடித்துக் கையெழுத்துக் கட்டுகளைக் தேர்தல் கமிஷனில் கொண்டுபோய் இறக்கினாள். ஒரே நாளில் இத்தனை சீட்டு என்றால் வரிசை நீளும் என்று விசாரணைக் கூட்டத்தில் ஒருவர் இழுத்தார். "நீளட்டுமே! நாட்டுக்காக நின்னா கால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்," என்று இவள் மேசையைத் தட்டினாள். மறுநாள் பத்திரிகையில் படத்தோடு வந்தது. தேதியும் அவள் கேட்டபடியே கிடைத்தது. அவளுடையதோடு இன்னும் மூன்று கேள்விகள் சேர்ந்துகொண்டன. அதிபருக்கு ஒன்று, நாடாளுமன்றத்துக்கு இரண்டு, கேள்விகளுக்கு நாலு. ஆக ஏழு சீட்டு.

தேர்தலன்று கடையை மூடிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது மணி ஒன்று. வரிசை விளையாட்டு மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாசலைத் தாண்டி நின்றது. கடல் பக்கத்துக் காற்று காதை அறுத்தது. உள்ளே கிழவர்கள் ஒவ்வொரு சீட்டையும் எழுத்துக்கூட்டி வாசிக்கும் சத்தம் வெளியே வரைக்கும் கேட்டது.

ஒன்றரை மணி நேரத்தில் வரிசை கூடைப்பந்துக் கம்பம் வரைதான் நகர்ந்தது.

"பிள்ளைங்க தூங்குறதுக்கெல்லாம் ஓட்டா? எந்தக் கேனச் சிறுக்கி மூளையில உதிச்சுது இது?" என்றார் முன்னால் நின்ற எண்பத்து நாலு வயசு கூ தாத்தா.

"அதானே!" என்றாள் ஷியூ-ஜின், கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துக்கொண்டு. "வேலைவெட்டி இல்லாதவளா இருப்பா."

பின்னால் நின்ற ஆ-சியோங்குக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "தாத்தா, கால் வலிக்கத்தான் செய்யும்னு பேப்பர்ல சொன்னா பாருங்க, அந்த அம்மா இதுதான். திட்டுறதா இருந்தா நேராவே திட்டிக்குங்க."

மைதானமே திரும்பியது. ஒருத்தி குழந்தையைத் தூக்கிக் காட்டி, "இவன நீங்க பிடிச்சுக்குங்க, கை விட்டுப்போச்சு," என்றாள். கூ தாத்தா ஷியூ-ஜின்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்குத் தூக்கம் வரலேன்னா என் முட்டிய ஏம்மா நோகடிக்கிற?"

ஷியூ-ஜின்னுக்கு முகம் சிவந்தது. கடைக்கு ஓடினாள். ஆ-சியோங்கின் தள்ளுவண்டியில் முப்பது பிளாஸ்டிக் முக்காலிகளை ஏற்றிக்கொண்டு வந்தாள். முதல் முக்காலியில் தாத்தா உட்காரப் போனபோது வாக்குச்சாவடித் தலைவர் ஓடி வந்தார். அந்தப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு வாத்தியார், பேர் ஜியென்.

"அக்கா, என்ன இது? ஓட்டு நாள்ல பொருள் கொடுத்தா லஞ்சம். போலீஸ்ல எழுதிக் கொடுக்க வேண்டி வரும்."

"முக்காலி லஞ்சமா? எனக்கு எதிரா குத்துறவங்களும்தானே உட்காரப் போறாங்க!"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் வரிசையைப் பார்த்துக் கத்தினாள். "என் கேள்வி பிடிக்காதவங்க முதல்ல உட்காருங்க!"

முப்பது முக்காலியும் ஒரே மூச்சில் நிரம்பின. தாத்தாதான் முந்தி உட்கார்ந்தார். இதில் லஞ்சம் எங்கே வருகிறது என்று வாத்தியாருக்கு விளங்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போனார்.

நாலு மணிக்கு வாசலை அடைத்தார்கள். வரிசையில் நின்றவர்களுக்கு மட்டும் அனுமதி. முக்காலிக்காக இடத்தை விட்டதால் கடைசி ஆளாக ஷியூ-ஜின் ஓட்டுப் போட்டபோது ஐந்தே கால்; பக்கத்துச் சாவடியில் எண்ண ஆரம்பித்திருந்தார்கள். தன் கேள்விச் சீட்டை ஏழாவதாகப் பெட்டியில் போட்டாள்.

தன் சாவடியின் எண்ணிக்கையை ஜன்னலோரம் நின்று பார்த்தாள். சீட்டைத் தூக்கிக் காட்டிக் கூவினார்கள். "சம்மதமில்லை! சம்மதமில்லை! சம்மதம்! சம்மதமில்லை!" அந்தச் சாவடியில் சம்மதம் இருநூற்று எண்பத்தெட்டு, எதிர்ப்பு நானூற்று முப்பத்தொன்று. தன் கையால் அவித்த முட்டையைத் தின்று வளர்ந்த ஊர் தன்னைக் கவிழ்த்துவிட்டதே என்று ஆத்திரம் வந்தது. வைது தீர்க்கக்கூட ஆள் இல்லை. எல்லோரும் காலை நீட்ட வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஆ-சியோங் கைப்பேசியை நீட்டினான். "அக்கா, நாடு முழுக்கப் பாரு. ஜெயிச்சிட்ட! கால் பங்கையும் தாண்டிடுச்சு!"

அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வர, அவன் கையிலேயே ஓர் அடி வைத்தாள். "நீ எதுல குத்தின, சொல்லு!"

"ரகசிய ஓட்டு," என்றான் அவன், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

ஜியென் வாத்தியார் பெட்டிகளுக்கு முத்திரை வைத்துவிட்டு வெளியே வந்தார். காலை ஐந்தரையிலிருந்து நின்ற மனுஷன்; கண் இரண்டும் உள்ளே போயிருந்தது.

"வாழ்த்துகள் அக்கா. ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா? இனிமே மத்தியானம் இருபத்தேழு பிள்ளைங்களும் முழிச்சிட்டு இருக்கும். அந்த அரை மணிதான் நான் தூங்குற நேரம். நான் எப்பத் தூங்குறது?"

மூன்று லட்சம் பேரைப் பார்த்தவளுக்கு இந்த ஒருத்தர் ஞாபகம் வந்ததே இல்லை.

"கடைக்கு வாங்க சார்," என்றாள். "சோயாப்பால் குடிச்சிட்டே பேசுவோம்."

வாத்தியார் கொட்டாவி விட்டபடியே அவள் பின்னால் நடந்தார்.