ஒற்றைப் பக்க இணைப்பு

மாதா கோயில் ஆபீசில் கணக்கு எழுதும் எலிசா மெயிலைத் திறந்துவிட்டாள். கூட வந்த இணைப்பைத்தான் தொடவில்லை. அனுப்பியது யாரோ பெர்னாண்டஸ், முன்பின் தெரியாத பெயர். மேசைக்கு எதிரே, மீன் சருவத்தை வெளிப்படியில் இறக்கிவைத்துவிட்டு வந்த கிளாரா, நிலைகொள்ளாமல் நின்றாள்.

"அதான் வந்துட்டுல்லா மக்கா, திறயேன்."

"இருங்க மாமி."

இருக்கிற நிலைமையா அது? கிளாராவின் மகள் லிஜாவுக்குக் குவைத்து மாப்பிள்ளை, பெயர் மரியஜான். ஆறு வருஷமாக அங்கேயே கிடப்பவன். அங்கே யாரையும் கட்டவில்லை என்று அந்த ஊர்க் கோயில் பங்கிலிருந்து கடிதம் வந்தால்தான் இங்கே கல்யாண ஓலை வாசிக்கலாம். மூன்று ஞாயிறு பூசையில் ஊரறிய வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டாக வேண்டும். நாளை முதல் ஞாயிறு. மூன்றாவது ஞாயிறுக்கு மறுநாள் தாலிகட்டு, அதற்கும் ரெண்டாம் நாள் சாம்பல் புதன். நாளை வாசிக்காவிட்டால் தவக்காலம் வந்துவிடும், நாற்பது நாளைக்குக் கல்யாணப் பேச்சே கிடையாது. மாப்பிள்ளைக்கு லீவோ ஒரே மாசம். அடுத்த லீவு ரெண்டு வருஷம் கழித்து. லிஜாவுக்கு இப்போதே இருபத்தெட்டு.

பங்குச்சாமியார் கண் ஆப்பரேஷன் முடிந்து நெய்யூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நாளை பூசைக்கு வருகிற வெளியூர்ச் சாமியார், ஓலை நோட்டில் எலிசா எழுதிவைத்ததைத்தான் வாசிப்பார்.

ஆனால் சூடு கண்ட பூனை அவள். போன நவம்பரில் அஜின் பெயரிலிருந்து 'கல்யாண போட்டோ' என்று ஓர் இணைப்பு வந்தது. அஜின் நம்ம ஊர்ப் பயல், ஞானஸ்நான ரிஜிஸ்தரில் பெயர் உள்ளவன், அவன்மேல் என்ன சந்தேகம்? அழுத்தினாள். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது அழுத்திய பிறகல்லவா ஞாபகம் வந்தது! எட்டு மாசமாக அவள் கம்ப்யூட்டரில் தட்டி ஏற்றிய ஞானஸ்நானக் கணக்கு அத்தனையும் போயிற்று. பழைய ரிஜிஸ்தர் அலமாரியில் இருந்ததால் மானம் தப்பியது. நாகர்கோவிலிலிருந்து சரிசெய்ய வந்த ஜெனோ, "அக்கா, பேர நம்பாதீங்க, பைலுக்க வாலப் பாருங்க, கடைசில பி.டி.எஃப்னு இருக்கான்னு. அனுப்புனவன்ட்ட போன்ல கேளுங்க. பொறவு வைரஸ் ஸ்கேன். அப்புறந்தான் திறக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று அழுத அழுகைக்கு, இன்னொரு தடவை அவளால் ஆகாது.

"ஏட்டி, அதுக்குள்ள என்ன, பாம்பா இருக்கு?"

"இருந்தாலும் இருக்கும் மாமி. மாப்பிள்ளைக்குப் போன் போடுங்க."

மரியஜான் எடுத்தான். கடிதம் கோயிலிலிருந்து கோயிலுக்கு நேரே வருவதால், அதை அவன் கண்ணால் கண்டதில்லை. அனுப்பியது யார், எத்தனை பக்கம், என்ன பைல் என்று அங்குள்ள ஆபீசில் கேட்டுச் சொல்லச் சொன்னாள் எலிசா. கால் மணி நேரத்தில் கூப்பிட்டான்.

"பெர்னாண்டஸ் மேடம்தான் அனுப்பினாங்களாம். ஒரு பக்கம், பி.டி.எஃப். நாளைக்கே வாசிச்சிருங்க, கேட்டியளா?"

இணைப்பை இறக்கினாள். வாலைப் பார்த்தாள். ஸ்கேன் ஓடி முடிந்து பச்சை காட்டியது. அப்பாடா என்று திறந்தாள்.

முதல் பத்தியில் குறையொன்றுமில்லை: மரியஜான் மணமாகாதவர், தடையேதும் இல்லை. இரண்டாம் பத்தி ரெண்டே வரி. 'சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி, வேறொரு பங்கைச் சேர்ந்த ஷிஜி என்பவரை மணப்பதற்காக இவருக்கு இதே கடிதம் கொடுத்திருக்கிறோம். அந்த ஏற்பாடு கைவிடப்பட்டதா என விசாரித்துக்கொள்ளவும்.'

அடப் பாவி! அது முறிந்துபோன சம்பந்தமாகவும் இருக்கலாம். முறியாத சம்பந்தம் ஊரில் எங்கே இருக்கிறது? ஆனால் ஒரு மாசம்கூட ஆகவில்லையே. அந்த ஷிஜியின் அம்மாவும் இந்நேரம் ஏதாவது ஒரு கோயில் ஆபீசில் நிற்கிறாளோ என்னவோ.

"என்ன மக்கா, வைரஸு உண்டுமா?"

"இல்ல மாமி. வைரஸு ஒண்ணும் இல்ல."

சொன்ன வாய் கசந்தது. ஓலை நோட்டை மூடினாள்.

"லிஜாவ இப்பவே வரச்சொல்லுங்க."

"அவ என்னத்துக்கு? நீ பேர எழுது."

"அவளுக்கு இங்கிலீஷ் தெரியுமில்லா. முதல்ல அவ வாசிக்கட்டும். எழுதணுமா வேண்டாமான்னு அவ சொல்லட்டும்."

கிளாராவுக்கு அது காதில் ஏறியதாகத் தெரியவில்லை. பிரிண்டர் துப்பிய தாளின் தலைப்பில் மாதா படத்தைக் கண்டதுமே சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டாள். தாளை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, மாதாவின் காலில் உதடு பதித்து முத்தி செய்தாள். இரண்டாம் பத்தி அவளுடைய கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது.