டைரக்ட் கொடுக்காத வீடு

மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட வருகிற நாளாகப் பார்த்துத்தானா இந்த டிரிப்பர் விழ வேண்டும்? விசிறி நின்றது. மிக்ஸி பாதி அரைத்த தேங்காயோடு ஊமையானது. வெளியே ஜங்லிகாட் சந்து முழுக்க மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. காதரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"திரும்ப விழுந்துடுச்சு! நசீரா, இந்தச் சனியனை எந்த நேரத்துல வாங்கி மாட்டச் சொன்னியோ!"

நடையில் இருந்தது அந்தப் போர்டு. முதலில் மெயின் சுவிட்ச், அதை ஒட்டி, கரண்ட் கசிந்தால் தானே விழுந்து வீட்டையே அணைக்கிற டிரிப்பர், பிறகு வரிசையாகச் சின்னச் சுவிட்சுகள், வீட்டின் ஒவ்வொரு லைனுக்கும் ஒன்று. டிரிப்பரை மாட்டியே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று சாதித்தவள் நசீராதான். காரணம் இல்லாமல் இல்லை. சௌல்தாரியில் அவள் உம்மா வீட்டில் ஒரு சினை ஆடு மோட்டார் ஷெட்டின் தகரத்தில் உரசிய இடத்திலேயே விறைத்துச் செத்தது. அந்த வீட்டிலும் டிரிப்பர் இருந்தது, இல்லாமல் இல்லை. மழையில் அடிக்கடி விழுகிறதே என்று யாரோ ஒரு புண்ணியவான் அதைத் தாண்டி ஒரு வயரை இழுத்து டைரக்ட் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். ஆட்டோடு போயிற்று, அடுத்தது ஆள் என்று அன்றைக்கே அவள் மனதில் ஆணி அடித்ததுபோல் பதிந்துவிட்டது.

இப்போது அவள் பின்கட்டு அடுப்படியில் நின்று ஒவ்வொரு ப்ளக்காகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். எந்தச் சாமானில் கோளாறு என்று பார்க்க வேண்டாமா? மிக்ஸி மூடியைத் திறந்து தேங்காயை வழித்துக்கொண்டே நடையைப் பார்த்துக் கத்தினாள்.

"மச்சான், டிரிப்பரைப் போடாதீங்க!"

தகரக் கூரையில் மழை. காதர் போட்டான். மிக்ஸி நாலு சுற்றுச் சுற்றி, சுவர், காலண்டர், நசீராவின் மூக்கு என்று பாகுபாடில்லாமல் தேங்காயை அப்பிவிட்டு மறுபடி அடங்கியது. நல்லவேளை, கை அப்போதுதான் வெளியே வந்திருந்தது.

"போடாதீங்கன்னுல்ல சொன்னேன்!"

"போடுன்னு கேட்டுச்சு! தகரத்து மழைல முன்பாதிதான் காதுல விழுது, வாலு எங்க விழுது?" என்றான் காதர். நாத்தனார் ஹுஸ்னா கதவோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளைப் பார்க்கத்தான் மாப்பிள்ளை வீட்டார் கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து தீவுக்கு வந்து, லம்பா லைன் பகுதியில் சொந்தக்காரர் வீட்டில் இறங்கியிருந்தார்கள். அவள் சிரிப்பும் ரொம்ப நேரம் நிற்கவில்லை. பிரியாணிக் கறி ஃபிரிட்ஜில் கிடந்தது, அதை வேக வைக்கிற அடுப்பும் கரண்ட் அடுப்பு.

காதர் எலெக்ட்ரீஷியன் குணாவுக்குப் போன் போட்டான். குணா ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றான். பாவம், அவனும் காலையிலிருந்து வீடு வீடாக ஓடிக்கொண்டிருந்தவன்.

அவன் வேலையை ஒழுங்காகத்தான் ஆரம்பித்தான். சின்னச் சுவிட்சுகளை எல்லாம் இறக்கிவிட்டு டிரிப்பரை ஏற்றினான், விழாமல் நின்றது. பிறகு ஒவ்வொன்றாக மேலே தள்ளினான். ஹால் நின்றது. ரூம் நின்றது. பின்கட்டுச் சுவிட்சைத் தொட்டதுதான் தாமதம், 'டக்'கென்று டிரிப்பர் விழுந்தது. பின்கட்டில் ஒரு ப்ளக்கும் சொருகவில்லை என்றாள் நசீரா.

"அப்ப வயர்லதான் பாபி. உள்ள எங்கயோ தண்ணி எறங்கியிருக்கு. இந்த பாரிஷ் மழைல எல்லா வீட்லயும் இதே கூத்துதான். காஞ்சா தானா சரியாயிடும். இன்னிக்கு ஒரு நாள் டைரக்ட் குடுத்துடறேன், நாளைக்கு வந்து பாக்கறேன்," என்றான் குணா. நசீரா அவனுக்கு எப்போதும் பாபி, அதாவது அண்ணி.

"குடு, குடு," என்றான் காதர்.

"குடுக்கக் கூடாது," என்றாள் நசீரா.

போர்டுக்கு முன்னால் வந்து முதுகைச் சுவரில் சாய்த்து நின்றுவிட்டாள். மூக்கு நுனியில் தேங்காய்ப் பூ இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"பாபி, பயப்படாதீங்க. சின்னச் சுவிட்சு இருக்குல்ல, அது பாத்துக்கும்."

"வயரு எரியாம பாத்துக்கும். ஆளு சாகாம பாத்துக்குமா? சொல்லு குணா, உன் புள்ளைங்க மேல ஆணையா சொல்லு."

குணா தலையைச் சொறிந்தான். பொய் சொல்ல அவனுக்கு வராது. "அது பாத்துக்காதுதான். லோடு ஏறினாத்தான் அது விழும். ஆளைக் கொல்ற கரண்ட்டு கொஞ்சமே கொஞ்சம், அதுக்கு அது ஒரு கணக்கே இல்ல. அதுக்குத்தான் டிரிப்பர்."

"கேட்டீங்களா மச்சான்?"

"கேட்டேன். வர்றவங்க முன்னால பின்கட்டுல மிக்ஸி, கரண்ட் அடுப்பு எதுவும் ஓடாம, வேகாத கறியைப் போட்டு அசிங்கப்படறதையும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். இது எந்தங்கச்சி வாழ்க்கை. உனக்கு எங்க தெரியும் அது?"

அது நசீராவுக்குச் சுருக்கென்று தைத்தது. பாவாடை கட்டத் தெரியாத வயதிலிருந்து ஹுஸ்னாவுக்குத் தலை பின்னிவிட்டவள் அவள். அழுதால் வேலை கெட்டுவிடும்.

"மத்தியானம் லுஹர் பாங்கு சொல்ற வரைக்கும் எனக்கு விடுங்க. நான் கண்டுபிடிக்கறேன். முடியலன்னா உங்க இஷ்டம்."

"மதினி, விடுங்களேன், அண்ணன் சொல்றபடி..." என்று இழுத்தாள் ஹுஸ்னா. நசீரா பார்த்த பார்வையில் மீதியை முழுங்கிக்கொண்டு, துவைத்த திரைச்சீலைகளை அள்ளிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். காதர் "பாங்கு வரைக்கும்தான்" என்று உறுமினான்.

நசீரா ஸ்டூலை எடுத்துக்கொண்டாள். பின்கட்டு லைன் நடையிலிருந்து குழாய்க்குள் ஏறி, அடுப்படியின் மேல்சுவரோரம் ஓடி, தாழ்வாரத் தகரத்தின் கீழே பலகைக்குப் பின்னால் மறைந்து, குளியலறை விளக்குக்குப் போகிறது. அவள் ஸ்டூலை நகர்த்தி நகர்த்தி ஏறினாள். ஒட்டடை தலையில் விழுந்தது. குழாயின் ஒரு மூட்டும் விட்டிருக்கவில்லை, எங்கேயும் எலி கடித்திருக்கவில்லை. தண்ணீர் ஒழுகிய தடம் கூட இல்லை. நேற்று ராத்திரி வரைக்கும் ஒழுங்காக இருந்த லைன் விடிந்ததும் கெட்டதென்றால், நேற்று யாரோ ஏதோ செய்திருக்க வேண்டும். என்ன செய்தோம்? வீடு கழுவினோம். திரைச்சீலை துவைத்தோம். மழை விடாததால் கொல்லைக் கொடியை அவிழ்த்து...

அவள் ஸ்டூலோடு தாழ்வாரப் பலகைக்கு ஓடினாள். ஏறி, உள்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

ஓர் ஆணி. புத்தம் புது ஆணி. வெளியிலிருந்து பலகையைத் துளைத்து வந்து, பின்னால் ஓடிய குழாயையும் துளைத்துக்கொண்டு நின்றது. நேற்று சாயங்காலம் காதர் தன் கையால் அடித்த ஆணி அது. துணி நனையாமல் காய வேண்டுமென்று தகரத்துக்கு அடியில் கொடி கட்டினான். நைலான் கயிறு இத்துப்போயிருந்ததால் கடையிலிருந்து இரும்புக் கம்பி கொண்டுவந்து கட்டினான். ஒரு முனை இந்த ஆணியில். மறுமுனை கொல்லை ஷெட்டின் இரும்புக் காலில். வயரின் தோலைத் தொட்டும் தொடாமலும் நின்ற ஆணி, கம்பி இழுத்த இழுப்பில் விடிந்த பிறகுதான் உள்ளே செம்பைத் தொட்டிருக்க வேண்டும்.

அந்தக் கம்பியில் ஹுஸ்னா ஈரத் திரைச்சீலையை விரித்துக்கொண்டிருந்தாள். வெறுங்கால், தரையெல்லாம் தண்ணீர், இரண்டு கையும் கம்பியில்.

டிரிப்பர் விழுந்து கிடக்கிற வரைக்கும் ஆபத்தில்லை என்று நினைத்து மூச்சு விட்ட அதே நொடியில், நடையில் மெயின் சுவிட்ச் இறங்கியிருப்பது கண்ணில் பட்டது. இறக்கிவிட்டுத்தானே வயர் மாட்டுவார்கள்? காதருக்குப் போன் வந்துவிட்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிவிட்டார்கள். பாங்காவது, வாக்காவது. குணா டைரக்ட் கொடுத்து முடித்து, மெயினை ஏற்றக் கையைத் தூக்கிவிட்டான். காதர் அவன் பக்கத்தில் நின்று "ஜல்தி, ஜல்தி" என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தான்.

நசீராவுக்கு அது அத்தனையும் அடுப்படிக் கதவு வழியாகத் தெரிந்தது. ஓடினால் எட்டாது. மழை தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. 'போடாதே' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வாலு எங்க விழுது என்று காலையில் காதர் கேட்டது அந்தக் கணம் காதில் விழுந்ததை அல்லாஹ்வின் கருணை என்றுதான் சொல்ல வேண்டும். போடாதே என்று கத்தினால் போடு என்றுதான் கேட்கும். போட்டுவிடுவார்கள்.

"மத்! மத்! மத் லகாவ்! குணா, மத்!"

தமிழில் கடைசியில் வருகிற 'கூடாது' இந்தியில் முதலிலேயே வந்துவிடுகிறது. தீவில் சந்தைக்கும் ஆபீசுக்கும் பேசிப் பேசித் தேய்ந்த அந்த ஒற்றை 'மத்' மழையைக் கிழித்துக்கொண்டு போய்க் குணாவின் காதில் விழுந்தது. அவன் கை அப்படியே நின்றது.

"ஹுஸ்னா! கம்பியை விடுடி! விட்டுட்டு உள்ள வா!"

ஹுஸ்னா பயந்துபோய்த் திரைச்சீலையைச் சேற்றில் போட்டுவிட்டு ஓடிவந்தாள். நசீரா ஸ்டூலிலிருந்து குதித்து அவளைக் கட்டிக்கொண்டாள். இப்போது அழுதாள். யார் தடுக்கப் போகிறார்கள்?

காதர் வந்தான். ஸ்டூலில் ஏறிப் பார்த்தான். மெயின் இறங்கித்தான் இருக்கிறதா என்று குணாவிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டு, சுத்தியலால் ஆணியைப் பிடுங்கினான். நுனியில் செம்பு மினுங்கியது. ஆணியைப் பார்த்தான், கம்பியைப் பார்த்தான், தங்கச்சியைப் பார்த்தான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஊரே அவனைச் சொல்லும். அன்றைக்கு அவனே தன்னைச் சொல்லிக்கொண்டான், வாய்விட்டு, இரண்டு தடவை.

"விழுந்து விழுந்து சொல்லியிருக்கு நசீரா. காலையிலேர்ந்து அது சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. நாந்தான் திட்டிக்கிட்டே இருந்திருக்கேன்."

குணா தன் கையால் மாட்டிய டைரக்ட் வயரைப் பிடுங்கிப் பைக்குள் திணித்தான். அந்தத் துண்டுக்குப் புதுக் குழாயும் புது வயரும் இழுத்து முடிக்கிற வரைக்கும் தலை நிமிரவில்லை, டீ கொடுத்ததற்கும் வேண்டாமென்றான். பின்கட்டுச் சுவிட்சை ஏற்றினான். டிரிப்பர் விழாமல் நின்றது.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பிரியாணி தாமதமானது, ஆனால் வெந்திருந்தது. மாப்பிள்ளை அன்வர் நல்ல பிள்ளையாகத் தெரிந்தான். சாப்பாடு முடிந்து, ஹுஸ்னா சர்பத் தட்டோடு வந்து நின்று, பெரியவர்கள் தேதி பற்றிப் பேச வாயெடுத்த சமயம், காதர் எழுந்து நடைக்குப் போனான். டிரிப்பரில் டெஸ்ட் என்று எழுதிய குட்டிப் பொத்தானை அழுத்தினான். 'டக்.' விசிறி நின்றது, விளக்கணைந்தது.

"என்ன, லைட் போயிடுச்சா?" என்று மாப்பிள்ளையின் உம்மா மேலே பார்த்தார்.

"போகல மாமி. நாந்தான் விழ வெச்சேன். விழுதான்னு பாத்தேன்." திரும்ப ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தான் காதர். தொண்டையைச் செருமினான். "கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. எந்தங்கச்சி வாழப்போற வீட்ல இது இருக்கா?"

சபை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. சீர் பற்றிக் கேட்பார்கள், நகை பற்றிக் கேட்பார்கள். இதை யார் கேட்டார்கள்? அன்வர்தான் வாயைத் திறந்தான்.

"இருக்கு. ஆனா அடிக்கடி விழுதுன்னு... டைரக்ட் பண்ணி வெச்சிருக்கோம்."

திரைக்குப் பின்னாலிருந்து நசீரா வெளியே வந்தாள். கையில் இன்னும் பிரியாணிக் கரண்டி. முக்காட்டைச் சரி செய்துகொண்டாள்.

"அப்ப மொதல்ல அதைப் பிடுங்கச் சொல்லுங்க தம்பி. பிடுங்கிட்டு, டெஸ்ட் பட்டனை அமுக்கி, விழுதான்னு பாத்துட்டு, எனக்கு ஒரு போன் போடுங்க. அப்புறம் தேதி வைக்கலாம்."

சபையில் பெண்டாட்டி குறுக்கே பேசினால் காதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

"ஆமா," என்றான் காதர். "தேதி அப்புறம்."