பதில் வராத நேரம்

மலையகத்து வட்டவளை டவுனில் மஃறூபின் ஹார்ட்வெயார் கடை மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மகள் ரினோஸா வெப்சைட் செய்யக் கற்றுக்கொடுப்பாள். கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். படிக்க வருகிறவர்கள் சுற்றியிருக்கும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். பலரிடம் கம்ப்யூட்டர் கிடையாது. அதனால் எதையும் தெரிந்த விஷயத்தோடு ஒப்பிட்டு, நடிக்க வைத்துத்தான் சொல்லித்தருவாள்.

அன்று காலையிலிருந்தே விடாத மழை. ரினோஸா மாணவன் சுதாகரனை உள்ளறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

"அவர்தான் சேர்வர். எல்லாப் பக்கமும் அவர்கிட்ட இருக்கு. வடிவு, நீங்க பிரவுசர். போய் முதல் பக்கத்தக் கேளுங்க."

சண்முகவடிவு கதவைத் தட்டிக் கேட்டாள். சுதாகரன் இடுக்கு வழியாக ஒரு தாளை நீட்டினான். அடுத்து, இல்லாத ஒரு பக்கத்தைக் கேட்டாள்.

"தேடிப் பாத்துட்டேன். அப்படி ஒன்னு இங்க இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள்.

"நீங்க போன்ல பாக்குற 404 இதுதான்," என்றாள் ரினோஸா. "இப்ப திரும்பத் தட்டுங்க. சுதாகரன், நீங்க வாயே தொறக்கக் கூடாது."

வடிவு தட்டினாள். காத்திருந்தாள். மறுபடி தட்டினாள். கூரைத் தகரத்தில் மழை இரைந்துகொண்டிருந்தது. பின்வரிசை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த நிரோஷன் தன் போனைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றான்.

"வடிவு, உங்க மேல் டிவிசன்ல மண் சரிஞ்சிருச்சாம். கடைசி லயத்து மேலயாம்."

தொழிலாளர் வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டியிருக்கும் அந்தக் கடைசி லயத்தில்தான் அவள் வீடு. அம்மா குவைத்தில். காய்ச்சலோடு படுத்திருந்த அப்பா மாயாண்டியைத் தனியாக விட்டுவிட்டு வந்திருந்தாள்.

அப்பாவுக்கு அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரும்ப அழைத்தபோது மணியும் அடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக் காளியாயியின் போனும் அப்படியே.

"எடுக்கலைன்னா, ஆளு இல்லைன்னு அர்த்தமா மிஸ்?"

"இல்ல. பதில் வரலன்னு மட்டுந்தான் அர்த்தம்."

அடுத்த பாடமாகச் சொல்ல ரினோஸா நினைத்து வைத்திருந்த அதே வார்த்தைகள். இப்போது அதை நம்பச் சொல்ல அவளுக்கே தைரியம் இல்லை. "வாங்க, நேர்ல போய்ப் பாப்போம்," என்று வடிவின் கையைப் பிடித்து இறங்கினாள்.

விஷயத்தைக் கேட்டதும் மஃறூப் கடையை அப்படியே விட்டுவிட்டு லொறியை எடுத்தார். மலைப்பாதையில் மரம் ஒன்று குறுக்கே விழுந்து கிடந்தது. லொறியை அங்கே நிறுத்திவிட்டு, மூன்று பேரும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏறினார்கள். வடிவின் செருப்பைச் சேறு இழுத்துக்கொண்டது. அவள் நிற்கவில்லை.

லயத்தின் பின்சுவர் மொத்தமும் போயிருந்தது. அவள் வீட்டுக்குள் அப்பாவின் கட்டில் காலுயரத்துக்கு மண். கட்டிலில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். தலையிலிருந்து கால்வரை சேறு. ஒருவர் முகமும் தெரியவில்லை.

"எங்கப்பாவ யாராச்சும் பாத்தீங்களா?"

குனிந்து வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தார்.

"நீ எதுக்கும்மா இங்க வந்த? தள்ளி நில்லு, இன்னும் சரியும்."

சேற்றுக்குள்ளிருந்து வந்தது அப்பாவின் குரல். வடிவு தள்ளி நிற்கவில்லை. வெறுங்கையால் மண்ணை வாரத் தொடங்கினாள். பக்கத்தில் ரினோஸாவும் மஃறூபும் குனிந்தார்கள். உள்ளே காளியாயியின் முனகல் வந்தது, நின்றது, திரும்ப வந்தது. அது நிற்கும்போதெல்லாம் எல்லாருடைய கையும் ஒரு கணம் நின்றது.

இருட்டுவதற்குள் காளியாயியை வெளியே எடுத்துவிட்டார்கள். கால் ஒடிந்திருந்தது. கதவுப் பலகையில் படுக்கவைத்து லொறிவரை தூக்கி வந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மாயாண்டி நடுங்கிக்கொண்டே இருந்தார். ரினோஸா தன் ஜாக்கெட்டை அவர்மேல் போட்டாள்.

"இந்தக் காய்ச்சலோட ஏம்ப்பா மண்ணு வெட்டுனீங்க?" வடிவின் குரலில் கோபம்தான் இருந்தது. "போனையாவது எடுத்திருக்கலாமே. நான் செத்துப் பொழைச்சேன்."

"போனு மண்ணுக்குள்ள போச்சும்மா," என்றார் அவர். "அந்தக்கா கத்துனது எனக்குக் கேட்டுச்சே. கேட்டப்பறம் எப்படிப் போறது?"

வடிவு ஒரு கையால் அவர் முகத்துச் சேற்றைத் துடைத்தாள். மற்றக் கையின் விரல்களைக் காளியாயி இறுக்கிப் பிடித்திருந்தாள்.