கண்ணாடிக் கதவில் ஒட்டிய தொப்பை

என் கொழுந்தன் தன் ஜிம்மின் கண்ணாடிக் கதவில் என் வீட்டுக்காரரின் தொப்பையை ஒட்டி வைத்திருந்தான். ஆளுயரப் படம். சட்டை இல்லாமல், பாவம்போல நிற்கிறார். மேலே ‘முன்’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் அதே அளவுக்கு வெறும் வெள்ளைத்தாள், அதன் மேலே ‘பின்’. ஜிம் எங்கள் பேக்கரிக்கு நேர் எதிரே. ரொட்டி வாங்க வருகிறவர்கள் முதலில் அதைப் பார்ப்பார்கள், அப்புறம் இவரைப் பார்ப்பார்கள், அப்புறம் சிரிக்காத மாதிரி சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எடையைக் குறைக்கச் சொன்னது டாக்டர்தான். இவருக்குச் சர்க்கரை. ஆனால் எப்படிக் குறைப்பது என்று சட்டம் போட்டவன் கொழுந்தன். விடிவதற்கு முன் வெறும் வயிற்றில் ஓட்டம், பிறகு ஜிம்மில் எடை தூக்குவது, மதியம் வரைக்கும் தண்ணீர் மட்டும். “வாயில ஒரு துளி பட்டாலும் அவ்வளவு உழைப்பும் வீணாயிடும் அண்ணா” என்று அடித்துச் சொல்லிவிட்டான். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். எங்கள் வீட்டில் தம்பி உடையவர் ஒரு பன்னுக்கு அஞ்சி நின்றார்.

மாவு பிசைகிறவர் அதில் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்க்காமல் அச்சில் போடக் கூடாது. உப்புப் போட்டோமா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத்தான் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து இவர் அதில் தவறி நான் பார்த்ததில்லை. அந்தத் திங்கட்கிழமை தவறினார்.

கடை திறந்த கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தையல்காரம்மா வாங்கின ரொட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து மேசைமேல் போட்டாள். “உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு தெரியாதா உங்களுக்கு?” பிய்த்து வாயில் போட்டேன். பஞ்சைத் தின்ற மாதிரி இருந்தது. உள்ளே போய்க் கத்தினேன்.

“மாவ வாயில வச்சுப் பாக்கலியா?”

“மதியத்துக்கு முன்னாடி வாயில எதுவும் படக் கூடாதுன்னு தம்பி...”

“உங்க தம்பியா வந்து இந்த ரொட்டிய விக்கப் போறான்?”

“கத்தாதே. கதவுல என் படம் இருக்கு. பாதியில விட்டா தெருவே காறித் துப்பும்.”

சொல்லும்போது அவர் கை நடுங்கியது. நெற்றி முழுக்க வேர்வை. அடுப்புச் சூடு என்று நினைத்தேன். அடுத்த தட்டை வெளியே இழுத்தவர் அப்படியே சாய்ந்தார். தட்டு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். முழங்கை அடுப்புக் கதவில் பட்டுத் தோல் வழன்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைப் பிடித்துத் திட்டினார். “சர்க்கரை மாத்திரையக் காலையில போட்டுக்கிட்டு மதியம் வரைக்கும் பட்டினியா? அதோட ஓட்டம் வேறயா? விரதமும் இருக்கலாம், உடற்பயிற்சியும் செய்யலாம். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா மாத்திரைய மாத்திக் குடுத்திருப்பேனே. கொஞ்சம் தாமதமாயிருந்தா ஆளே இருந்திருக்க மாட்டார்மா.”

சாப்பாட்டுக்கு முன் போடு என்று மாத்திரைப் பையில் எழுதியிருந்தது. இவரும் ஒழுங்காகப் போட்டிருக்கிறார். சாப்பாடுதான் வரவே இல்லை.

சாயங்காலம் கொழுந்தன் வந்தான். கட்டுப்போட்ட கையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். “கன்னமெல்லாம் நல்லா வத்தியிருக்கு அண்ணி. கட்டு தெரியாம ஒரு படம் எடுத்துக்கட்டுமா? கதவுல ‘பின்’னு எழுதின பாதி ரொம்ப நாளா வெறுமையாக் கிடக்கு.”

என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையிலேயே தலைமுடியைக் கோதிக்கொண்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“நாளைக்குக் காலையில கடைக்கு வா” என்றேன். அதுவரை அவனை ‘வாங்க தம்பி’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். “உங்க அண்ணன் வேலைய இனிமே நீதான் செய்யணும்.”

வந்தான். மாவு மூட்டையைத் தூக்க வைத்தேன். பிசைய வைத்தேன். அடுப்படியில் நிறுத்தித் தட்டுகளைத் தள்ள வைத்தேன். உப்பை மட்டும் நானே பார்த்துக்கொண்டேன். “அண்ணி, காலைச் சாப்பாடு...” என்று இழுத்தபோது தண்ணீர்ச் செம்பை நீட்டினேன். அவனுக்குச் சர்க்கரையும் இல்லை, மாத்திரையும் இல்லை, உடம்பு கல் மாதிரி. ஆனாலும் வெயில் ஏற ஏற அவன் கண் பன் தட்டைவிட்டு நகரவில்லை. நான் முதுகைத் திருப்பினேன். திரும்பிப் பார்த்தபோது வாய் நிறையப் பன்னோடு நின்றான்.

“பசி உயிர் போகுது அண்ணி.”

“தின்னு.” தட்டையே அவன் பக்கம் தள்ளினேன். “நல்லாத் தின்னு. பசிச்சா கை தானாப் போகும், உனக்குப் போச்சு. அவரு நடுங்கற கையால இதே தட்டுல பன் அடுக்கினாரு. தம்பி சொல்லிட்டான்னு ஒண்ணக்கூடத் தொடல.”

அவன் மெல்லுவதை நிறுத்திவிட்டான். முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மேசையில் ஒட்டின மாவைச் சுரண்டுகிற தகட்டை எடுத்து அவன் கையில் வைத்தேன்.

“முழுங்கிட்டுப் போய் உன் கதவச் சுரண்டு. அவரு வீட்டுக்கு வர்றப்ப அங்க வெறும் கண்ணாடிதான் இருக்கணும்.”