பெரியவர் பார்த்த கடற்கரை வீடு

கதவைத் திறந்ததும் அவர்களை வரவேற்க ஓடிவந்தது நாற்றம்தான். ஈரத் துணியை மூட்டையாகக் கட்டி மூலையில் போட்டு மறந்துவிட்டால் ஒரு வாடை வருமே, அதோடு அடைத்துக்கொண்ட சாக்கடையும் சேர்ந்துகொண்ட மாதிரி. குடும்பம் மொத்தமும் பெட்டிகளைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றது. விடுமுறைக்கென்று அந்த வாடகை வீட்டைப் பிடித்த பெரியவர் மட்டும் விறுவிறுவென்று உள்ளே போய், கூடத்தின் நடுவில் இடுப்பில் கைவைத்துத் திரும்பி, "எப்படி?" என்றார்.

"பிரமாதம்ண்ணே," என்றான் தம்பி.

"காத்து என்னமா வருது பாரு!" என்றாள் அம்மா. அந்த வீட்டில் அப்போது ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை.

"கடலைப் பாத்த மாதிரி வீடு கிடைக்கிறதெல்லாம் லேசா?" என்றாள் பெரியவரின் மனைவி. கடலைப் பார்க்க வேண்டுமானால் கழிவறைக் கோப்பையின்மேல் ஏறி நின்று எட்டிப் பார்க்க வேண்டும்.

கடைசியில் எல்லோருடைய கண்ணும் சின்ன மருமகள்மேல் வந்து நின்றது. அவள் முறை. "நல்லாருக்கு மாமா," என்றாள். சொன்ன வாயைக் கழுவிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

அந்தக் குடும்பத்துப் பழக்கம் அப்படி. பெரியவர் என்றதும் பல் போன கிழவர் என்று நினைத்துவிட வேண்டாம். மீசைக்குச் சாயம் அடித்துக்கொள்ளும், ஐம்பதைத் தொடாத ஆள். சின்ன மருமகளைக் கட்டிய தம்பிக்கு அண்ணன், அம்மாவுக்கு மூத்த பிள்ளை, அவ்வளவுதான். அவர் ஒன்றை வாங்கி வந்தாலோ ஏற்பாடு செய்தாலோ, ஆளுக்கொரு வார்த்தை பாராட்டிவிட வேண்டும். குறை சொன்னால் திட்டமாட்டார், கத்தமாட்டார், கை ஓங்கமாட்டார். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். அது போதும். அவர் வாங்கிக் கொடுத்த சட்டை கழுத்தைப் பிடிக்கிறது என்று தம்பி ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டான். மழைக்காலம் முழுக்க அண்ணன் அவனோடு பேசவில்லை. அம்மா இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவே தூது போயே இளைத்தாள். கடைசியில் தம்பி அதே சட்டையை மாட்டிக்கொண்டு போய், மூச்சுத் திணறத் திணற, "இப்ப சரியா இருக்குண்ணே" என்று சொன்ன பிறகுதான் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். அதற்கப்புறம் குறை சொல்லும் ஆசை யாருக்கும் வந்ததில்லை.

இதில் சின்னவளுக்குக் கூடுதல் கேவலம் ஒன்று இருந்தது. பிஸ்கட் கம்பெனியில் அவளுக்கு வேலையே குறை சொல்வதுதான். சுடச்சுட வரும் பிஸ்கட்டை எடுத்து உடைத்து மோந்து பார்ப்பாள். எண்ணெய் சிக்கு வாடை அடித்தால் கையைத் தூக்குவாள். மிஷின் நிற்கும். மேனேஜரே வந்து கெஞ்சினாலும் அத்தனையும் குப்பைக்குத்தான். அங்கே அவளுக்கு 'மூக்கு மேடம்' என்று பெயர். அந்த மூக்கை வைத்துக்கொண்டுதான் இந்தக் கூடத்தில் நின்று நல்லாருக்கு என்றாள்.

நல்லா இல்லை. அந்த வீட்டில் எதுவுமே நல்லா இல்லை. மெத்தை விரிப்பில் மஞ்சள் மஞ்சளாக வட்டங்கள். எப்படி வந்தவை என்று யோசிக்கக்கூட அருவருப்பாக இருந்தது. தலையணையை உதறினால் யாருடையதோ முடி. சமையல் மேடையில் விரல் வைத்தால் விரல் ஒட்டிக்கொண்டது. ஃபிரிட்ஜுக்குள் யாரோ விட்டுப்போன கிண்ணம் ஒன்று, உள்ளே பச்சையாகப் பூசணம் பூத்துக் கிடந்தது. குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டையில் முன்னால் வந்து தங்கியவர்களின் முடி சோப்பு நுரையோடு திரண்டு அடைத்திருந்தது. ஓரகத்தி, அதாவது பெரியவரின் மனைவி, அதை ஒரு குச்சியால் இழுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே வீசிவிட்டு, ஒரு தடவை உமட்டி முடித்து, கூடத்துக்கு வந்து, "பாத்ரூம் என்ன விசாலம்!" என்றாள். இவளெல்லாம் நாடகத்தில் சேர்ந்திருந்தால் எங்கேயோ போயிருப்பாள் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள்.

இதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்ளலாம். தண்ணீரைத்தான் சகிக்க முடியவில்லை. முதல் நாள் மதியம், கடையில் வாங்கிவந்த சோற்றைப் பிரித்து எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தபோது, பெரியவர் தானே எழுந்து போய்க் குழாயில் பிடித்து எல்லோருக்கும் டம்ளரில் ஊற்றி வைத்தார்.

"பாட்டில் கீட்டில் எதுவும் வாங்காதீங்க. ஊத்துத் தண்ணியாம் இது. வீட்டுக்காரன் அடிச்சுச் சொன்னான்."

டம்ளர் வாயருகே வருவதற்கு முன்பே சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது. கம்பெனியாக இருந்தால் கை தானாக மேலே போயிருக்கும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சோற்றில் மும்முரமாகிவிட்டாள். ஓரகத்தியின் பிள்ளைகள் உட்பட மற்றவர்களும் டம்ளரைத் தொட்டுத் தொட்டு வைத்தார்களே தவிர, யாரும் குடித்ததாகத் தெரியவில்லை.

அப்போது அவளுடைய மகள் டம்ளருக்குள் மூக்கை விட்டாள். ஏழு வயது. கண்டதைக் கண்டபடி கொட்டிவிடுகிற பிள்ளை என்பதால் வீட்டில் அவளுக்கு 'வாயாடி' என்றே பெயர்.

"அய்யே! தண்ணி நாறுது!"

மேஜையில் மெல்லும் சத்தம் நின்றது. பெரியவர் பிசைந்த கையை மெதுவாகத் தட்டிலிருந்து எடுத்தார். "புடிக்கலைன்னா சொல்லிடுங்க. இப்பவே கிளம்பிடலாம். ஒருத்தன் வேலைவெட்டிய விட்டுட்டு அலைஞ்சு வீடு பாத்தான் பாரு, அவன சொல்லணும்," என்று ஆரம்பித்தார். முகம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அம்மா பதறிப்போய்ச் சின்ன மருமகளைப் பார்த்தாள். கணவனும் பார்த்தான். ஏதாவது பண்ணு என்கிற பார்வை.

சின்னவள் மேஜைக்கடியில் கையை விட்டு மகளின் தொடையைக் கிள்ளினாள். செல்லக் கிள்ளு அல்ல. நகம் பதிந்த கிள்ளு. "நல்லாருக்குன்னு சொல்லு," என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

வாயாடியின் கண் நிறைந்துவிட்டது. அம்மாவைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள். பிறகு மூக்கைப் பிடித்துக்கொள்ளாமலே மடக்மடக்கென்று முழு டம்ளரையும் குடித்துவிட்டு, "நல்லாருக்கு பெரியப்பா," என்றாள்.

"அப்படிச் சொல்லு!" பெரியவர் முகம் சட்டென்று மலர்ந்தது. "இவதான் நம்ம வீட்டுப் பொண்ணு." இன்னொரு டம்ளர் ஊற்றினார். அதையும் குடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன சிரிப்பு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வேளையும் பெரியவர் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அவரே ஊற்றுவார், அவள் குடிப்பாள், யாரும் கேட்காமலே "நல்லாருக்கு பெரியப்பா" என்பாள். எட்டுப் பேர் செய்ய வேண்டிய ஜால்ரா வேலையை அந்தச் சின்ன வயிறு ஒன்றே செய்துகொண்டிருந்தது. சின்னவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ரெண்டு நாள்தானே, ஒண்ணும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலை குளிக்கும் வாளியில் சாம்பல் நிறத்தில் மயிர் மிதந்தது. பெரியவர் வந்து குனிந்து பார்த்து, "கயிறு நார்," என்று தீர்ப்புச் சொன்னார். "ஆமாண்ணே, நாரேதான்," என்று தம்பி அந்தத் தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டான். சின்னவள் அன்று குளிக்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை வாயாடி எழுந்திருக்கவில்லை. எழுப்பினால் சுருண்டுகொண்டாள். இரண்டு முறை வாந்தி. மூன்றாவது முறை வெறும் பச்சைத் தண்ணீராக வந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. குழாயில் முகம் கழுவிவிடலாம் என்று போனால், நூல்மாதிரி ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர் அதோடு நின்றேவிட்டது. தொட்டியைப் பார்த்துவரச் சொல்லிக் கணவனை மாடிக்கு அனுப்பினாள்.

பேயறைந்த மாதிரி இறங்கி வந்தான். படிக்கட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்ன?"

"பெருச்சாளி," என்றான். "செத்து ரொம்ப நாளாயிருக்கும்போல. ஊதிப்போய், தோல் கழண்டு... குழாய் ஓட்டையிலயே வந்து அடைச்சுக்கிட்டிருக்கு." அப்படியே படியில் உட்கார்ந்து ஓங்கரித்தான்.

கூடத்திலிருந்து பெரியவர் குரல் கொடுத்தார். "என்னடா, தண்ணி வரலையா?"

வாயைத் துடைத்துக்கொண்டு அவள் கணவன் எட்டிப் பார்த்துச் சொன்னான்: "ஒண்ணுமில்லண்ணே! இலை அடைச்சிருக்கு!"

சின்னவள் அவனையே பார்த்தாள். பெருச்சாளியாவது செத்துப்போயிருந்தது. இந்த மனுஷன் மூச்சு விட்டுக்கொண்டு எதிரில் நின்று இலை என்கிறான். இவனோடு இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டதை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசியது.

அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பெரியவர் கார் சாவியோடு குறுக்கே வந்தார். "நானே கூட்டிட்டுப் போறேன். டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். வெயில்ல ஆடினது ஒத்துக்கல, வேற ஒண்ணுமில்ல." குடும்பமே காரில் ஏறி நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தது. தொட்டியில் கிடந்ததைப் பற்றிக் கணவனும் வாய் திறக்கவில்லை, அவளும் திறக்கவில்லை.

கிளினிக்கில் ஒரு பெண் டாக்டர். மேஜையில் பாதி கடித்த ரொட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, பிள்ளையைப் படுக்கவைத்து வயிற்றில் கை வைத்தார். எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். தலைமாட்டில் பெரியவர்.

"இங்க வலிக்குதாடா கண்ணு?"

வாயாடி பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "வலிக்கல. நல்லாருக்கு."

"இங்க?" டாக்டர் கொஞ்சம் அழுத்தினார். பிள்ளையின் கால் விரல்கள் மடங்கின. முகம் மட்டும் அசையவில்லை.

"நல்லாருக்கு டாக்டர்."

"நான்தான் சொன்னேனே, வெயிலு," என்றார் பெரியவர் சிரித்துக்கொண்டே. "ரெண்டு மாத்திரை எழுதிக் குடுத்தீங்கன்னா கிளம்பிடுவோம். இன்னைக்குப் படகு வேற சொல்லி வெச்சிருக்கேன்."

டாக்டர் வாந்திக்கு மருந்து எழுதப் பேனாவை எடுத்தார்.

இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தப் பிள்ளை நல்லாருக்கு நல்லாருக்கு என்று சொல்லிக்கொண்டே செத்தும்போகும் என்பது சின்னவளுக்கு உறைத்தது. கம்பெனியில் தூக்குவதுபோலவே கையைத் தூக்கினாள்.

"டாக்டர், எழுதாதீங்க. அவ பொய் சொல்றா. அந்தப் பொய்ய நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"ஏய், என்ன பேசுற?" என்றான் கணவன்.

"நாங்க தங்கியிருக்கிற வீட்டுத் தொட்டியில பெருச்சாளி செத்து ஊறிக் கிடக்கு. அந்தத் தண்ணியத்தான் இவ முந்தாநாள்லேருந்து வேளைக்கு ரெண்டு டம்ளர் குடிக்கிறா. முதல் நாளே நாறுதுன்னு சொன்னா. நான்தான் கிள்ளி நல்லாருக்குன்னு சொல்ல வெச்சேன்." கவுனை விலக்கித் தொடையில் கன்றியிருந்த இடத்தைக் காட்டினாள்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். நர்ஸைக் கூப்பிட்டு டிரிப் போடச் சொன்னார். பிறகு நிமிர்ந்து, "வேற யார் யார் அந்தத் தண்ணிய குடிச்சீங்க? குடிச்ச எல்லாருக்கும் டெஸ்ட் பண்ணணும். மறைக்காம சொல்லுங்க," என்றார்.

ஓரகத்திதான் முதலில் தொண்டையைச் செருமினாள். "என் பசங்க குடிக்கல டாக்டர். நானும் குடிக்கல. பைக்குள்ள பாட்டில் வாங்கி வெச்சிருந்தேன்."

"நான் கலர் சோடாதான் குடிச்சேன்," என்றாள் மாமியார், தரையைப் பார்த்துக்கொண்டு. "வயசாச்சுல்ல. வயித்துக்கு ஆகாதேன்னு..."

"கடைக்குப் போறப்பல்லாம் அங்கயே குடிச்சுட்டு வந்துருவேன்," என்றான் கணவன்.

எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள். அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "எனக்குத் தொண்டை கொஞ்சம் அலர்ஜி. கார் டிக்கியில ஒரு கேன் போட்டு வெச்சிருந்தேன்," என்றார்.

ஊற்றிக் கொடுத்த ஆளே குடிக்கவில்லை. சின்னவளுக்கு அவர் மூஞ்சியில் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. வாயில் எச்சில்கூடச் சேர்ந்துவிட்டது. அதற்குள் டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்கம்மா? நீங்க எவ்வளவு குடிச்சீங்க?"

வாயைத் திறந்தாள். குடித்ததை எண்ணிப் பார்த்தாள். டீ. மூன்று நாளும் டீ மட்டும்தான். தளதளவென்று இரண்டு தடவை கொதிக்கவைத்த டீ. தண்ணீர் ஒரு மிடறுகூட இல்லை. யோசித்துச் செய்ததில்லை, மூக்கு பார்த்துக்கொண்டது. அவளுடைய உடம்பை மட்டும்.

"குடிக்கல," என்றாள். எச்சிலை விழுங்கிக்கொண்டாள்.

"ஆக, இந்தக் குழந்தை மட்டும்தான்," என்றார் டாக்டர். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் பாட்டுக்குக் கையுறையை மாட்டிக்கொண்டார்.

பெரியவர் விருட்டென்று வெளியே போனார். மூஞ்சி தூக்கியாகிவிட்டது. ஓரகத்தி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். மாமியார் சின்னவளின் முழங்கையைப் பிடித்தாள். "அத்தனை பேர் முன்னாடி அவன அசிங்கப்படுத்திட்டியேம்மா. கார் வரைக்கும் போய் ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுட்டு வந்துரு."

"மாட்டேன் அத்தை."

"குடும்பம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கு. நாறுது." மாமியாரின் கையை விலக்கிவிட்டாள். கணவன் அவளையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தான். "அண்ணன் தனியா இருக்காரு," என்று முணுமுணுத்துவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனான். போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

டிரிப் பாதி இறங்கியதும் பிள்ளையின் உதட்டில் கொஞ்சம் ஈரம் வந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். சின்னவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஊசி குத்தாத கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாயாடி கண்ணைத் திறந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"பெரியப்பா போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

"நெசமா?"

"நெசமாத்தான். இனிமே உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு கண்ணு. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

பிள்ளை குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நேத்து மத்தியானத்துலேருந்தே வலிக்குதும்மா. ரொம்ப வலி. படுத்தாகூட வலி. ஆனா நான் யார்கிட்டயும் சொல்லலையே." காய்ந்த உதட்டில் மெல்லச் சிரிப்பு வந்தது. "உனக்கேகூட தெரியல பாத்தியா? கரெக்டா சொன்னேன்ல?"

சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள், பாராட்டுக்காக.